உற்பத்தி நின்றுபோன உதிரிப்பாகங்களை நாமே செய்வது: கேள்வி பதில் (கேட்டவரின் ஊர் முன்னால்)

ஜெலுத்தோங்: அண்ணே, அப்பா காலத்து மேசைக் காற்றாடி. தலை ஆட்டும் நைலான் கியரில் 4 பல் போய்விட்டது. எந்தக் கடையிலும் இல்லை. செய்ய முடியுமா?

முடியும். முதலில், உடைந்த கியரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பற்கள்தான் உங்களுக்கு அச்சு.

கியரை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பு நீரில் அலசிக் காயவையுங்கள். இரண்டு கலவை சிலிகான் புட்டியைப் பிசைந்து, நல்ல பக்கத்தில் 6 பல் பதியும்படி அழுத்துங்கள். இறுகியதும் எடுத்து, உடைந்த இடத்தின் மேல் வையுங்கள். இரு ஓரத்திலும் ஒவ்வொரு நல்ல பல் அச்சில் உட்கார வேண்டும். நடுவில் 4 பல்லுக்கான குழி கிடைக்கும். அதில் எப்பாக்ஸியை நிரப்புங்கள். சிலிகானில் எப்பாக்ஸி ஒட்டாது, அச்சு சுத்தமாகக் கழன்று வரும்.

இந்த ஒட்டுப்பல் ஓடுவதற்கு இல்லை, மாதிரிக்கு மட்டும். இனி முழு கியருக்கும் சிலிகான் அச்சு எடுத்து, தண்டு போகும் துளையில் அதே தடிமன் இரும்புக் கம்பியை கிரீஸ் தடவி நிறுத்தி, கடினமான பாலியூரித்தேன் ரெசினை வார்க்க வேண்டும். டப்பாவில் சொன்ன விகிதத்தைக் கண்ணளவில் ஊற்றாமல், 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். நம் ஊர் ஈரக்காற்று இந்த ரெசினுக்கு எதிரி: ஈரம் பட்டால் உள்ளே குமிழ் விட்டு நுரைக்கும், பல் பஞ்சாகிவிடும். மழை நாளில் வார்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். லேடெக்ஸ் கையுறை வேண்டாம். அது பட்ட இடத்தில் பிளாட்டினம் வகை சிலிகான் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும்.

செந்தூல்: இவ்வளவு பாடு எதற்கு? லேத் பட்டறையில் பித்தளையில் வெட்டினால் ஆயுசுக்கும் தேயாதே.

கியர் உடையாது, மற்றதெல்லாம் அடிவாங்கும். அந்தப் பல் நைலானாக இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. குழந்தை காற்றாடியின் தலையைப் பிடித்து நிறுத்தினால் எங்காவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கியர் விட்டுக்கொடுக்காவிட்டால் மோட்டார் தண்டின் வார்ம் (கியரைச் சுற்றும் திருகுப்புரி) அடிவாங்கும், இல்லையென்றால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். கியர் திரும்பச் செய்யலாம், தண்டு?

பிரிக்பீல்ட்ஸ்: பிளெண்டர் ஜார் வாஷர் சுருங்கி ஒழுகுகிறது.

உணவுத் தர சிலிகான் தகட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். பழைய வாஷரை அளக்காதீர்கள், அது சுருங்கியது. ஜாரின் பள்ளத்தை அளந்து, அதைவிடச் சற்றுத் தடிமனான தகடு வாங்குங்கள். மோட்டார் பக்கக் கப்ளிங்கையும் (கத்தியைச் சுற்றும் இணைப்பு) கழற்றப் போகிறீர்கள் என்றால், பெரும்பாலானவற்றில் மரை எதிர்த்திசை.

பட்டர்வொர்த்: கியரை 3டி பிரிண்டரில், பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுத்தால் போதுமா?

மோட்டாருக்குப் பக்கத்தில் போதாது. 60 டிகிரியில் இளகிவிடும். வெயிலில் பூட்டிய காடிக்குள் வைத்தாலே வளையும்.

செந்தூல்: விடமாட்டேன் அண்ணே. 50-களின் காற்றாடிகளில் முழுக்க உலோகக் கியர். இன்றும் ஓடுகிறதே?

நியாயமான கேள்வி. ஓடுகிறது, காரணம் அந்தக் கியர்ப்பெட்டியே வேறு. வார்ம் தடிமன், பெட்டி நிறைய கிரீஸ். பல மாடல்களில் தலையைப் பிடித்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்சும் உண்டு. விட்டுக்கொடுக்கும் வேலையைக் கிளட்ச் செய்தது, அதனால் பல் உலோகமாக இருக்க முடிந்தது. உங்கள் காற்றாடியில் அப்படிக் கிளட்ச் இருந்து, அது உண்மையிலேயே வழுக்குகிறது என்றால் பித்தளை வெட்டுங்கள், நான் தடுக்கவில்லை. பட்டறையில் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) கேட்பார்கள். வார்மில் 5 புரி தூரத்தை வெர்னியரில் அளந்து, 5-ஆல் வகுத்து, 3.1416-ஆல் வகுங்கள். 5 புரி தூரம் 11.8 மி.மீ. என்றால் மாட்யூல் 0.75. அப்போதும் உடைந்த கியரைக் கையோடு கொண்டு போங்கள். பல்லின் சாய்வை அதில்தான் பார்க்க முடியும்.

புக்கிட் மெர்தாஜம்: பழைய ரைஸ் குக்கரின் அடிக் காந்தம் உடைந்துவிட்டது. வார்க்கலாமா?

கூடாது. 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் காந்த ஈர்ப்பை இழக்கும்படி தயாரித்த துண்டு அது. வேறு காந்தம் வைத்தால் சுவிட்ச் விழாது, சட்டி தீயும். அதே மாடல் குக்கரை பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் தேடி, அதிலிருந்து எடுங்கள்.

கிள்ளான்: பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் சாம்பல் நிற அட்டை நொறுங்குகிறது. அதேபோல் வெட்டிப் போடலாமா?

தொடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஊதாதீர்கள், தேய்க்காதீர்கள், பெட்டியை அப்படியே பையில் கட்டி மூடுங்கள். அந்தப் பெட்டியை ஓட்டவே வேண்டாம்.

ஈப்போ: அண்ணே, பிஎல்ஏ-வில் கியர்...

பட்டர்வொர்த்துக்குச் சொன்னதுதான். மேலே படியுங்கள்.

ஜெலுத்தோங்: வார்த்துவிட்டேன். மாட்டலாமா?

24 மணி நேரம் முடிந்ததா? துளை ஓரப் பிசிரைக் கத்தியால் எடுங்கள். பிளக்கைச் சொருகும் முன் இறக்கையைக் கையால் சுற்றித் தலை ஒரு முழு ஆட்டம் போய்வரும் வரை பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றும் இறுகினால் அந்தப் பல்லில் குமிழ் மேடு இருக்கிறது. நுண் அரத்தால் இரண்டு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம்.