முதலில் பெயர், பிறகு கல்

வணக்கம் ஐயா,

நம் ஊர்த் திடலை ஒட்டிய காலி இடத்தில் போர் நினைவுச் சின்னம் எழுப்பப் போகிறார்கள் என்ற செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) உங்களுக்கும் வந்திருக்கும். துப்பாக்கி ஏந்திய வீரர் சிலை. அதன் அடியில் ‘போரில் உயிர்நீத்த அனைவரின் நினைவாக’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரிகள். திறப்பு விழா அக்டோபர் 17. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை இணைந்த நாள் என்பதால் அந்தத் தேதியாம். சென்ற வாரக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தமிழிலும் ஒரு வரி இருக்கலாமே என்றேன். ஒரு பெரியவர் எழுந்து, “தோட்டத்து ஆட்கள் கூலிக்குப் போய் நோயில் செத்தவர்கள். அவர்களைப் போர்வீரர்களோடு சேர்ப்பது எப்படிப் பொருந்தும்?” என்று கேட்டார். நம்மவர்களும் தலையாட்டினார்கள். என் தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். ஆனாலும் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கல் தேவைதானா என்று வீட்டிலும் கேட்கிறார்கள். உங்கள் கருத்தை எழுதுவீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெரியவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைக்கு நான் போயிருக்கிறேன். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பூச்செடி வைத்து, ஒரு கோயில் பிராகாரம்போல் வைத்திருக்கிறார்கள். 5,084 காமன்வெல்த் வீரர்கள், 1,896 டச்சு வீரர்கள். அவர்கள் சண்டையில் குண்டடிபட்டு விழுந்தவர்கள் அல்லர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோதும் அதையொட்டிய வாரங்களிலும் கைதியாகி, அந்த ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியா, காலில் அழுகிய புண், பசி. இவற்றால் இறந்தவர்கள்தாம் அங்கே பெரும்பாலோர். அதே பாதையில், அதே காலராவில், அதே மழைக்காலத்தில் நம்மவர்களும் இறந்தார்கள். நோயில் செத்தவன் போரில் செத்தவன் ஆகமாட்டான் என்றால், அந்தக் கல்லறையில் உள்ள கற்களையும் பிடுங்கிவிட வேண்டும். அப்படிச் சொல்ல அந்தப் பெரியவருக்கே மனம் வராது.

கூலிக்குப் போனார்கள் என்பதும் பாதி உண்மைதான். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் கப்பல் நின்றுபோயிற்று. ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தவர்களிடம், மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்றார்கள். சிலர் குடும்பத்தோடு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி பரவி ஆட்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் அடைத்து சயாமில் பான் போங் என்ற ஊர் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் ‘சயாமுக்கு வேலைக்குப் போனார்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்றுதான் சொல்வார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 415 கிலோமீட்டர் பாதை. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். கைதிகளின் முகாம்களில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார் எப்போது எதனால் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-இல் ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய் 10,000-க்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு அப்படியா இருக்கிறது? தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எல்லோரும் சேர்ந்து 1,80,000 பேர் என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பார்கள். ஒரு பக்கம் 5,084, இன்னொரு பக்கம் 90,000. அந்த நான்கு பூச்சியங்களுக்குள்தான் உங்கள் தாத்தாவின் தம்பி இருக்கிறார். 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒன்றாகக் கிடைத்தன. ஒருவருக்கும் பெயர் இல்லை.

கல் நமக்குப் புதிய வழக்கமா? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்டது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. அந்த மரபில் வந்த நாம், எண்பதே ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதர்களை ‘அனைவர்’ என்று எழுதி முடித்துவிடலாமா? அனைவர் என்ற பெயரில் நம் தோட்டத்து லய வீடுகளில் யாரும் இருந்ததில்லை.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதுவரை எங்கும் எழுதாதது.

என் அப்பாயியின் கணவர் 1943-இல் சயாமுக்குப் போனார். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது. போர் முடிந்ததும் அப்பாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிழைப்புக்காக வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே தாத்தாவைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. அதனால் ஆடி அமாவாசைதான். அப்பா ஆற்றுக்குப் போவார். அப்பாயி வீட்டில் படையலுக்குச் சமைப்பார். ஆற்றங்கரையில் குருக்கள் பெயர் கேட்பார். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தன் அடையாள அட்டையில் தந்தை பெயர் என்று ஆங்கில எழுத்தில் இருந்தது மட்டுமே. அதை வேலன் என்றும் படிக்கலாம், வெள்ளன் என்றும் படிக்கலாம். பள்ளியில் ஆசிரியர் வெள்ளன் என்று படித்தார், அதுவே நிலைத்துவிட்டது. அப்பாயியைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கணவன் பெயரைச் சொல்லாத தலைமுறை அது. ‘உங்கப்பா’ என்பார், ‘அவங்க’ என்பார். அதற்கு மேல் வாய் திறக்காது. அப்பாயி 1988-இல் இறந்தார்.

அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பழைய தோட்டத்து மூதாட்டி ஒருவரைப் பார்த்தோம். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நீ வேலன் மகனா?” என்று கேட்டார். வெள்ளன் என்று அப்பா திருத்தினார். “நான் அவர் பெயரைச் சொல்லலாம், எனக்கு அண்ணன் முறை. வேலன்தான். தோட்டத்தில் மூன்றாவது டிவிஷன். மாரியம்மன் திருவிழாவில் உடுக்கை அடிப்பார்” என்றார் அவர். அப்பா அன்று சாப்பிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேறு யாரோ ஒருவர் பெயருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார். அந்த மூதாட்டி அந்தக் கல்யாணத்துக்கு வராமல் இருந்திருந்தால் வேலன் என்ற பெயர் அவரோடு போயிருக்கும்.

கல் தேவையா என்று உங்கள் வீட்டில் கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

ஆகவே குழுவினரிடம் இதைச் சொல்லுங்கள். சிலை வேண்டாம். சிலைக்கு ஆகும் பணத்தில் அகலமான கல் வாங்கட்டும். கல்லுக்கும் முன்னால் பெயர் திரட்ட வேண்டும். நம் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பாதி இன்று தாமான்களாகிவிட்டன (குடியிருப்புகள்), மீதி செம்பனையாகிவிட்டது. சனங்கள் சிதறிவிட்டார்கள். தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பதிவான செக்ரோல் புத்தகங்களைத் தேடிப் பயனில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். பழைய பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகள் இருக்கின்றன, கோயில் குத்துவிளக்கில் உபயம் என்று வெட்டிய பெயர்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தொண்ணூறைத் தாண்டிய பாட்டிமார் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கணவன் பெயரைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், கூப்பிட்ட பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருப்பார்கள். கூப்பிட்ட பெயர்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கும். பின்னால் வரும் பெயர்களுக்குக் கல்லில் இடம் விட்டு வைக்க வேண்டும்.

சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து தோட்டத்திலேயே இறந்தவர்களையும், கூடப் போன பெண்களையும் குழந்தைகளையும் விடக் கூடாது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கும் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கும் போனவர்கள் அதே லயங்களிலிருந்து போனவர்கள்தாம். அந்தப் படைக்காக 1945 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர் சில வாரங்களிலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியரால் கொல்லப்பட்ட நம் ஊர்ச் சீனர்களின் பெயர்களும் வேண்டும், ஜப்பானியரை எதிர்த்த கம்பார்ச் சண்டையில் விழுந்தவர்களையும் ஒரு வரியில் நினைக்கலாம். எழுத்து மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் இருக்கட்டும். தமிழை மட்டும் கேட்டு வாங்கும் காரியமாக இதை ஆக்க வேண்டாம்.

இன்னொன்று. போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே மலாயாவின் பல ஊர்களில் சீனர்கள் எலும்புகளைத் திரட்டிப் புதைத்துக் கல் நாட்டிவிட்டார்கள். நம்மவர்களுக்கு அன்பு குறைவு என்பதல்ல காரணம். கல்லை நட நமக்குச் சொந்த நிலம் இல்லை. லயம், கோயில், இடுகாடு எல்லாம் கம்பெனி மண்ணில் இருந்தன. தோட்டம் கைமாறியபோது அவையும் போயின. அதனால் திடல் பக்கத்து அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, நினைவிடத்துக்கு என்று பதிவு செய்து தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கல் நட வேண்டாம்.

அக்டோபர் 17 வேண்டவே வேண்டாம். 1943-இல் அந்த நாளில் தண்டவாளம் இணைந்தது. பாதையைப் போடவைத்தவர்களின் வெற்றி நாள் அது. காஞ்சனபுரியில் 2023-இல் நம் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சி, தமிழ்நாடு அரசும் 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் மே 1. தொழிலாளர் தினம். அந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் எந்த நாளை வைத்தாலும் சரி, சிதறிப்போன குடும்பங்கள் வந்து சேரக்கூடிய விடுமுறை நாளாக இருக்கட்டும். பட்டியல் முடியாவிட்டால் விழா அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். திறந்துவைக்க வேண்டியவரும் அந்தப் பாட்டிமாரில் ஒருவர்தான்.

வரும் சனிக்கிழமை காலை உங்கள் பள்ளிக்கு வருகிறேன். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி வருவேன். முதல் பக்கத்தில் வேலனை எழுதப் போகிறேன், இரண்டாவது வரியை உங்களுக்காக விட்டு வைப்பேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன் ஆசிரியை, அதில் உங்கள் தாத்தாவின் தம்பி பெயர் இல்லை. தெரியுமென்றால் எழுதிக்கொண்டு வாருங்கள். தெரியாதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் குடும்பத்தில் மூத்தவர் யாரென்று பார்த்து, அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்.