பழைய பைக்கை அன்றாட ஓட்டத்திற்குத் தயார் செய்வது: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாள்தோறும் வேலைக்கும் சந்தைக்கும் ஓட வேண்டிய வண்டியை மனத்தில் வைத்தே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (தக்கலை): என்னிடம் 25,000 ரூபாய் இருக்கிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கிச் சரிசெய்து ஓட்ட ஆசை. நண்பர்கள் ஸ்பிளெண்டர் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: நண்பர்கள் சொல்வதே சரி. 1985 முதல் 1996 வரை தயாரான ஆர்எக்ஸ் 100-க்கு இன்றுள்ள விலை, அதன் மேல் பிரியம் கொண்டவர்கள் ஏற்றிவிட்ட விலை. உங்கள் தொகைக்குக் கிடைப்பது, அசல் பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டுப் போலி உதிரிகளால் ஒப்பேற்றிய வண்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹீரோ ஹோண்டாவின் சிடி 100-உம் 1994-இல் வந்த ஸ்பிளெண்டரும் ஒரே 97.2 சிசி எஞ்சின் மரபைச் சேர்ந்தவை. அவற்றின் கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் கேபிளும் மலையோரச் சிற்றூர்க் கடையில்கூடக் கிடைக்கும். வேலைக்குப் போகும் வண்டி ஓர் உதிரிக்காகப் பட்டறையில் வாரக்கணக்கில் நிற்கக் கூடாது என்பதால், அழகையும் வேகத்தையும்விட உதிரி கிடைப்பதையே முதலில் பாருங்கள்.

கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். டயர், பிரேக், செயின் செட், வயரிங், ஆர்.சி. (பதிவுச் சான்று) வேலைகள் என்று மீதிப் பணத்துக்குச் செலவு காத்திருக்கிறது. மேனி மங்கியிருந்தாலும் எஞ்சின் நன்றாக இருக்கும் வண்டியைத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது முதலில் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

கேள்வி (மார்த்தாண்டம்): என் அப்பாவின் பைக் 2006-ஆம் ஆண்டு வண்டி. 15 வருடம் தாண்டிய வண்டியை ஓட்டவே கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா ஐயா?

பதில்: இல்லை. அந்தப் பேச்சு டெல்லி தலைநகர் வட்டாரத்துக்காகப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளிலிருந்து பரவியது. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நடப்பிலுள்ள காப்பீடும் புகைச் சான்றும் வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு 2021-லேயே தவணை முடிந்திருப்பதால், புதுப்பிக்கப்பட்டதா என்று ஆர்.சி.யைப் பாருங்கள், புதுப்பிக்காமல் ஓட்டுவதுதான் குற்றம்.

இதே கேள்வியோடு பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஹேண்டிலின் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அவ்விடத்தில் அரம் ஓடிய தடமோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): நெய்யாற்றின்கரையில் ஒரு கேஎல் 20 (கேரளப் பதிவு) வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், காகித வேலைக்குப் பொறுமை இருந்தால். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம் மாநிலப் பதிவெண் பெற்றாக வேண்டும்; அதற்கு அங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரியும் கட்ட வேண்டும். ஆகவே சான்று கைக்கு வந்த பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள், வரித் தொகையையும் வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். பல வேளைகளில் அந்த மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி (முட்டம்): பாக்சர் வண்டியில் மீன் பெட்டி கட்டி வியாபாரம் செய்கிறேன். பின் சக்கரப் பகுதி முழுதும் துருவேறிவிட்டது. பெயிண்ட் அடித்தும் ஆறு மாதம் தாங்கவில்லை.

பதில்: கடற்காற்றைக் குறை சொல்லும் முன் உங்கள் பெட்டியின் அடியைப் பாருங்கள். ஐஸ் உருகி வடியும் உப்புநீர் கரியரின் ஓரம் வழியாக இறங்கி, சைலன்சர் மேலும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் சொட்டி, அங்கிருந்து செயினுக்கும் ரிம்முக்கும் போகிறது. அந்த நீர் காயக் காய உப்பு மட்டும் தங்கிவிடுவதால் ஒவ்வொரு நாளும் துரு கூடுகிறது. பெட்டியின் அடியில் ஒரே ஒரு துளை மட்டும் வைத்து, அதில் அரை அங்குல ஹோஸ் பொருத்தி, டயருக்குப் பின்னால் தரையில் சொட்டும்படி இறக்கிவிடுங்கள். எந்தப் பெயிண்டும் செய்யாததை இந்த ஹோஸ் செய்யும்.

பிறகு சேசிஸைச் சோதியுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் குழாய்களை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்த இடம் மொத்தென்று ஒலிக்கும். பாட்டரிப் பெட்டியின் அடியையும் ஸ்விங் ஆர்ம் அச்சைச் சுற்றியும் தவறாமல் தட்டிப் பாருங்கள். மொத்தென்ற இடத்தில் கூர்முனையால் அழுத்தி, அது உள்ளே இறங்கினால் அந்த இரும்பு போய்விட்டது. கரியர் தாங்கியில் என்றால் வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஸ்விங் ஆர்மில் என்றால் ஒட்டுப்போட வேண்டாம், ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) நல்ல ஆர்ம் ஒன்றைத் தேடி மாற்றுங்கள்.

பெயிண்ட் நிற்காததற்குக் காரணம், துருவின் மேலேயே பட்டி பூசி அடித்திருப்பார்கள். கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, துருமாற்றி பூசி, காய்ந்தபின் எப்பாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல்தான் பெயிண்ட் வர வேண்டும். வியாபாரம் முடிந்து வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கழிவு ஆயில் தெளிக்கும் பழக்கம் நம் கரையோரத்தில் உண்டு. அது பின் பிரேக் டிரம்முக்குள் கசிந்தால் வண்டி நிற்காது என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் வெட்டுக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். மேட்டில் மெதுவாக ஏறும்போது ஹெட்லைட் மங்கிவிடுகிறது. பெரிய பல்பு போடலாமா அண்ணே?

பதில்: போடாதீர்கள் தம்பி. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னட் காயிலிலிருந்து நேரே வருகிறது. எஞ்சின் சுற்று குறைந்தால் வெளிச்சமும் குறையும். அந்தக் காயில் தருவதைவிடக் கூடுதலாகக் கேட்கும் பல்பு இன்னும் மங்கலாகத்தான் எரியும், வயரையும் ஹோல்டரையும் சூடாக்கிக் கெடுக்கும். முதலில் எர்த் வயர் சேசிஸோடு சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். அடுத்து ஹேண்டில் சுவிட்சைப் பிரித்து, உள்ளே பச்சை பூத்திருக்கும் செம்புத் தகடுகளை நைசான உப்புத்தாளால் தேயுங்கள். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நம் மலையோர மழையில் இந்த மூன்றும்தான் பெரும்பாலும் கெடுகின்றன.

கேள்வி (ஆரல்வாய்மொழி): பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டி. கிக்கர் இறங்கவே இல்லை. எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: உடனே பிரிக்க வேண்டாம், கிக்கரில் ஏறி மிதிக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். வெறும் துருப்பிடிப்பு என்றால் பிஸ்டன் விட்டுக்கொடுக்கும். அசைந்தபின் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோலைத் திறந்து மூடும் 'காக்' குழாயையும் எடுத்துவிட்டு, எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் வையுங்கள். அதன்பின் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முற்றிலும் உலர்த்தி, உடனே உட்புறத்தில் எண்ணெய் படும்படி உருட்டுங்கள். தாமதித்தால் புதுத் துரு பூக்கும். பெட்ரோல் ஊற்றும் முன் அந்த எண்ணெயைக் கொஞ்சம் பெட்ரோலால் அலசி வெளியேற்றிவிடுங்கள். டேங்க் சுத்தமாகும் முன் கார்புரேட்டரைக் கழுவுவது வீண் வேலை.

கேள்வி (கோட்டாறு): வண்டி புகை விடுகிறது. போர் செய்ய (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்க) வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். எப்படி நம்புவது?

பதில்: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் காலையில் ஸ்டார்ட் செய்த சற்று நேரம் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு ஆயில் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம், அது சிறு செலவு. மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங்கையோ போரையோ சந்தேகிக்கலாம். கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அளந்து, பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு கூடினால் தேய்மானம் பிஸ்டன் பக்கம். கூடாவிட்டால் வால்வு பக்கம். போர் செய்வதென்று முடிவானால் 0.25 மில்லிமீட்டரில் முடிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், நேராக 1.00-க்குப் போனால் அடுத்த முறைக்கு இடமிராது.

கேள்வி (திங்கள்நகர்): 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

பதில்: கவனிக்காமல் விட்டால் கெடுக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவோ வெடிக்கவோ செய்யும். ஆகவே பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்கள், காக் ரப்பர் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்துப்போனால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள், கார்புரேட்டரைச் சரிசெய்யுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

கேள்வி (வடசேரி): கறுப்பு வண்டியைச் சிவப்பாக மாற்றலாமா?

பதில்: ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றிக்கொள்வதாக இருந்தால் மாற்றலாம். செலவைக் குறைக்க நினைத்தால் பழைய நிறமே போதும்.

கேள்வி (குளச்சல்): பிரேக் ஷூ புதிதாகப் போட்டும் பிரேக் பிடிக்கவில்லை. டயரும் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, டிரம் பக்கம் இருக்கும் சிறு லீவரையும் அதை இழுக்கும் ராடையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகை இருக்க வேண்டும். லீவர் அதைத் தாண்டி வெகுதூரம் சாய்ந்தால் உள்ளே ஷூக்களை விரிக்கும் கேம் தேய்ந்திருக்கும், அல்லது டிரம் அகன்றிருக்கும். அப்போது எத்தனை ஷூ மாற்றினாலும் பயனில்லை; கேமை மாற்றி, டிரம்மை லேத் பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அத்தனை பழைய ரப்பர் இறுகிப்போய், ஈரச் சாலையில் வழுக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிற நம் மாவட்டத்தில் அந்த டயரோடு ஓட்டாதீர்கள்; ஷூவை மீண்டும் மாற்ற வைத்திருக்கும் பணத்தை முதலில் டயருக்குச் செலவிடுங்கள்.