பழைய சோறு, பலாச்சுளை, பிளம் கேக்: ஊதல் மிஷின் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ‘குடிக்காமலே மிஷினில் காட்டிவிட்டது’ ரகம். மீதிப் பாதி, ‘குடித்தேன், ஆனால் சாப்பாட்டின் மேல் பழி போட முடியுமா’ ரகம். இரண்டு ரகத்துக்கும் ஒரே வேண்டுகோள்: மிஷின் காட்டிய எண், ஊதிய நேரம், கடைசியாக வாயில் போட்டது எது, எப்போது. இந்த நாலும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியாது. ‘நிறைய காட்டியது சார்’ என்பது எண் அல்ல.

கேள்வி: நான் லாரி டிரைவர். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். கம்பெனி கேட்டில் தினமும் ஊத வேண்டும். மாட்டிக்கொள்வேனா? (நாமக்கல்)

மாட்டமாட்டீர்கள். இரவு ஊறிய சோற்றில் புளிப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகளால். ஆல்கஹால் உண்டாவது துளித்துளிதான், ரத்தத்தில் அளக்கும்படி ஏறாது. நீராகாரத்தைக் குடித்த கையோடு கேட்டில் ஊதினால், கம்பெனி மிஷின் மட்டமானதாக இருக்கும் பட்சத்தில், ஏதாவது ஒரு சின்ன எண் எட்டிப் பார்க்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து ஊதுங்கள். சின்ன வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: பலாப்பழம் தின்றால் காட்டும் என்கிறார்களே, கதைதானே? (பண்ருட்டி)

கதையல்ல. 2025 ஜூலையில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பந்தளம் டிப்போவில் நடந்தது. சொட்டுக் குடிக்காத டிரைவர்கள் காலைச் சோதனையில் மாட்டினார்கள். மிஷின் 10 வரை காட்டியது (100 மில்லி ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் ஆல்கஹால் என்ற கணக்கு). அவர்கள் தின்றது வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பலாச்சுளை. சந்தேகத்தைத் தீர்க்க, முதலில் பூஜ்ஜியம் காட்டிய ஒருவரைச் சுளை தின்ன வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் காட்டியது.

நன்றாகப் பழுத்த சுளையில் சர்க்கரை அதிகம். ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கியிருக்கும். நார் பல்லிடுக்கில் தங்கி, அந்தக் கொஞ்ச ஆல்கஹாலை மூச்சுக்காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அது வாயில் இருக்கும் ஆல்கஹால், ரத்தத்தில் இருப்பதல்ல. கொஞ்ச நேரத்தில் போய்விடும். இன்னொன்று: அந்தக் கழகத்தில் டிரைவருக்குப் பூஜ்ஜியம்தான் விதி, அதனால்தான் 10-க்கே பிரச்சினை. சாலையில் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 30-ஐத் தாண்டினால்தான் கேஸ். பண்ருட்டிக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம். தின்றுவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: எனக்கு 42 சதவீதம் ஆல்கஹால் காட்டியது. இது அதிகமா? (ஓசூர்)

42 சதவீதம் என்றால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. விஸ்கி பாட்டிலில்தான் அந்தச் சதவீதம் இருக்கும். உங்களுக்கு வந்தது 100 மில்லி ரத்தத்துக்கு 42 மில்லிகிராம். சட்ட வரம்பு 30. ஆமாம், அதிகம்.

கேள்வி: இரண்டு மாதமாகக் கீட்டோ டயட். குடிப்பழக்கம் அறவே இல்லை. மூச்சில் ஒரு மாதிரி வாசனை வருகிறது என்று மனைவி சொல்கிறார். ராத்திரி வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறது. (கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. மாவுச்சத்தை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். அதில் ஒன்றான அசிட்டோன் மூச்சு வழியாக வெளியேறும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசனை. உங்கள் மனைவி சொல்வது அதுதான்.

போலீஸ் வைத்திருக்கும் தரமான மிஷின்களில் இருப்பது ப்யூயல் செல். அதன் பிளாட்டினத் தகடு ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து, அப்போது பிறக்கும் மின்னோட்டத்தை அளக்கும். அசிட்டோனை அது கண்டுகொள்ளாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அசிட்டோன் மிக அதிகமாகும்போது, கல்லீரல் அதில் ஒரு பங்கை ஐசோபுரோப்பனால் ஆக்கிவிடும். அதுவும் ஒரு ஆல்கஹால்தான். ப்யூயல் செல்லுக்கு அதையும், மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இப்படி உண்மையிலேயே ஒருவர் மாட்டியது 2007-இல் ஸ்வீடனிலிருந்து மருத்துவ இதழில் பதிவானது. 59 வயது, குடிப்பழக்கமே இல்லாதவர், மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்துக்கொண்டிருந்தார். ஊதினால்தான் காரே கிளம்பும் என்ற பூட்டு அவர் வண்டியில் இருந்தது. கார் கிளம்பவில்லை. ஸ்வீடனின் சாலை வரம்பு 20, நம்முடையதைவிடக் கீழே. பூட்டும் அதற்கேற்பக் கறாரானது. நம் சாலையில் 30-ஐ டயட் ஒன்றே தாண்ட வைப்பது மிக மிக அபூர்வம். பயம் போகாவிட்டால் ஒரு வழி இருக்கிறது: ரத்தப் பரிசோதனை. ஆய்வகத்தின் கேஸ் குரோமட்டோகிராஃபி (கலவையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் சோதனை) எத்தனாலைத் தனியாகவும், அசிட்டோனைத் தனியாகவும், ஐசோபுரோப்பனாலைத் தனியாகவும் காட்டிவிடும்.

கேள்வி: நானும் கீட்டோதான். அன்று ஒரே ஒரு பீர் குடித்தேன், ஸ்ட்ராங். மிஷினில் 78. இது கீட்டோவால் வந்தது என்று கோர்ட்டில் சொல்லலாமா? (மதுரை)

சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் அதில் சுமார் 40 கிராம் ஆல்கஹால். உங்கள் எடையை எழுதவில்லை. 70 கிலோ ஆண் என்று வைத்தால், வெறும் வயிற்றில் அது 85 வரை கொண்டுபோகும். 78 வந்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பீரைக் கணக்கில் சேர்க்காமல் டயட்டைத் தேடுகிறீர்கள்.

கேள்வி: குடிப்பதற்கு முன் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டால் காட்டாதா? (ஆம்பூர்)

உச்சம் குறையும், தாமதமாகும். காட்டாமல் போகாது. பார்சலும் கையுமாகக் கிளம்பும்போது 20, ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைச் சாவடியில் 40 என்று ஏறிக்கொண்டே போவதும் இந்தப் பிரியாணிக்காரர்களுக்குத்தான்.

கேள்வி: ஏலக்காய், கொய்யா இலை, காபிப்பொடி, கொத்தமல்லி, எது சிறந்தது? (பெயர், ஊர் இல்லை)

கூட இருப்பவர்களுக்கு ஏலக்காய். மிஷினுக்கு மூக்கு கிடையாது.

கேள்வி: மூட்டு வலிக்குத் தசமூலாரிஷ்டம் சாப்பாட்டுக்குப் பின் 30 மில்லி குடிக்கிறேன். உடனே ஸ்கூட்டர் எடுக்கலாமா? (நாகர்கோவில்)

லேபிளைப் படித்தீர்களா? அரிஷ்டம், ஆசவம் எல்லாமே நொதிக்க வைத்த மருந்துகள். தானாக உண்டான ஆல்கஹால் 5 முதல் 12 சதவீதம் வரை இருக்கும், பாட்டிலிலேயே போட்டிருக்கும். 30 மில்லியில் இரண்டு, மூன்று கிராம். ரத்தத்தில் 5-ஐ ஒட்டித்தான் வரும், கேஸ் ஆகாது. ஆனால் குடித்த அடுத்த நிமிடம் ஊதினால் வாயில் இருப்பதைச் சேர்த்து அசிங்கமான எண் வரும். கொப்பளித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு மூடி என்று சொன்னதை அரை டம்ளராக ஊற்றிக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஹோமியோபதிச் சொட்டு மருந்து, இருமல் சிரப், வாய் ஸ்பிரே, மவுத்வாஷ் எல்லாவற்றுக்கும் இதே பதில். மதுவிலக்கு உள்ள பீகாரில் ஹோமியோபதி மருந்து சாப்பிட்ட ஒருவருடைய வழக்கில், மூச்சுச் சோதனை மட்டுமே குடித்ததற்கு முடிவான சாட்சி ஆகாது என்று பாட்னா உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியது. விமானிகளுக்கோ ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், பற்பசைக்கே தடை.

கேள்வி: கிறிஸ்துமஸ் இரவு நண்பர் வீட்டில் ரம் ஊறிய பிளம் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மதுவைத் தொடவில்லை. இரண்டு தெரு தாண்டியதும் நிறுத்தி உடனே ஊதச் சொன்னார்கள். 34. ‘இன்னொரு தடவை ஊதுகிறேன்’ என்றேன், ‘ஒரு தடவைதான்’ என்று வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கோர்ட்டில் 10,000 கட்டினேன். என்ன செய்திருக்க வேண்டும்? (சென்னை)

எண், நேரம், தின்றது எல்லாம் எழுதிய ஒரே கடிதம் இது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மிஷின் அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை. அந்தக் காற்றில் இருப்பதைச் சுமார் 2,100-ஆல் பெருக்கி ரத்தத்தில் இவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. வாயில் கேக் துணுக்கு இருந்து, அதிலிருந்து கிளம்பும் ஆவி கலந்தால், அதையும் 2,100-ஆல் பெருக்கிவிடும். துளி ரம் அங்கே பெரிய எண்ணாகிவிடுகிறது. வாயில் இருப்பது பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆறிவிடும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அமெரிக்காவில் சாட்சியத்துக்கான மூச்சுச் சோதனைக்கு முன் 15 அல்லது 20 நிமிடம் ஆளைக் கண்ணெதிரே வைத்து, எதையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பல மாநிலங்களில் இரண்டு முறை ஊத வைத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள்.

நம் ஊரில் ஏன் இல்லை? ‘பின்னால் வரிசை நிற்கிறது சார், காத்திருந்தால் குடித்தவன் தப்பிவிடுவான்’ என்பார்கள். வருடக்கணக்காக நான் கேட்டுச் சலித்த பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் ஆல்கஹாலை எரிப்பது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வேகத்தில். கால் மணி நேரத்தில் குறைவது 4. 34 வந்த உண்மையான குடிகாரன் பதினைந்து நிமிடம் கழித்து 30-இல் நிற்பான். 60 வந்தவன் 56-இல் நிற்பான். அப்போதுதான் குடித்துவிட்டு வந்தவனுக்கு எண் ஏறவே செய்யும். கேக் தின்றவர் மட்டும் பூஜ்ஜியத்துக்கு வருவார். விளிம்பில் வருபவர்களை மட்டும், 30-இலிருந்து 50 வரை என்று வைத்துக்கொள்வோம், ஓரமாக உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

‘ஒரு தடவைதான்’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு மாதிரிகள் என்றே சொல்கிறது. மிஷினில் ஆல்கஹால் காட்டி, கைது செய்து காவல் நிலையம் கொண்டுபோனால் பதிவுபெற்ற மருத்துவர் மூலம் ரத்தம் எடுக்க 204-ஆம் பிரிவு இருக்கிறது. தள்ளாடினான், வாசனை வந்தது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. வழி இருக்கிறது, பொறுமைதான் இல்லை. ஊதுகுழாயை மாற்றினார்களா, உங்களுக்கு முன் மிஷினைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார்களா என்று கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள்.

நீங்கள் செய்திருக்க வேண்டியது: ‘ரம் கேக் சாப்பிட்டேன், வாயைக் கொப்பளித்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன், இல்லையென்றால் ரத்தம் எடுங்கள்’ என்று அமைதியாக, சாட்சிக்கு ஒருவர் இருக்கும்போது சொல்வது. மிஷின் காகிதத்தில் நேரத்தைப் பார்த்து நகல் வாங்குவது. அவர்கள் ரத்தம் எடுக்காவிட்டால், உடனே வேறு வண்டியில் போய் ஒரு மணி நேரத்துக்குள் நீங்களே ஒரு ஆய்வகத்தில் கொடுப்பது. ஊதவே மாட்டேன் என்று மட்டும் சொல்லக்கூடாது. தக்க காரணமில்லாத மறுப்பை 205-ஆம் பிரிவு உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும். இப்போது குற்றத்தை ஒப்புக்கொண்டு பணமும் கட்டியாயிற்று. வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் அதிக நம்பிக்கை தரமாட்டேன். அடுத்த முறை என்றால் 15,000, அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நினைவிருக்கட்டும்.

கேள்வி: இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு ஆஃப் குடித்தேன். தூங்கி எழுந்து மோர், எலுமிச்சை, இட்லி எல்லாம் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினேன். அப்போதும் கேஸ். இது நியாயமா? (திருச்சி)

நியாயம்தான். 375 மில்லியில் சுமார் 125 கிராம் ஆல்கஹால். 70 கிலோவுக்கு மொத்தம் 260-க்கு மேல். முதல் மடக்கிலிருந்தே மணிக்கு 15 வீதம் கழித்தாலும் காலை ஏழு மணிக்கு 100 பாக்கி. மோருக்கும் எலுமிச்சைக்கும் அந்த 15-ஐ 16 ஆக்கும் சக்தி இல்லை. கல்லீரலை அவசரப்படுத்த முடியாது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. புதிதாக டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை. இரண்டு நாளாக விரதம் இருந்தார். பழ வாசனையாக மூச்சு, தள்ளாட்டம், குழறல். சோதனையில் குடித்ததாகக் காட்டுமா என்று கேட்கிறார். (தஞ்சாவூர்)

மிஷினை விடுங்கள். இதைப் படிக்கும்போதும் அப்படியே இருந்தால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வகை மாத்திரையோடு பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வரலாம். குளுக்கோமீட்டரைப் பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று ஏமாறாதீர்கள், ரத்தக் கீட்டோனைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை குறைந்தாலும் ஆள் குடித்தவர் மாதிரியே இருப்பார். டாக்டர் சொல்லும்வரை வண்டிச் சாவியை அவர் கையில் கொடுக்காதீர்கள். கீட்டோ டயட் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் இது சேர்த்தே: டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: சோறு தின்றால் வயிற்றிலேயே சாராயம் ஊறும் நோய் உண்டாமே? (சேலம்)

உண்டு. குடலில் ஈஸ்ட் பெருகி மாவுச்சத்தை ஆல்கஹால் ஆக்கிவிடும். 2024 ஏப்ரலில் பெல்ஜியத்தின் புரூஷ் நகர நீதிமன்றம் இந்தக் காரணத்தால் ஒருவரை விடுதலை செய்தது. அவர் வேலை பார்த்தது மது ஆலையில் என்பது தனி வேடிக்கை. மருத்துவர்கள் சோதித்து உறுதிசெய்த பிறகுதான் நீதிமன்றம் நம்பியது. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு ஊதல் மிஷின் வாங்கினேன். அதில் 0 வந்தால் ஓட்டலாமா? (ஈரோடு)

கூடாது. அந்த விலையில் வருவது பெரும்பாலும் செமிகண்டக்டர் சென்சார். அசிட்டோனுக்கும் காட்டும், சிகரெட் புகைக்கும் காட்டும், வாசனைத் திரவியத்துக்கும் காட்டும், ஆறு மாதம் கழித்து எதற்கும் காட்டாமலும் இருக்கும். அளவுத்திருத்தம் செய்ய இடமும் கிடைக்காது. குடித்த அன்று ஆட்டோ பிடியுங்கள், ஈரோட்டுக்குள் எங்கு போனாலும் மிஷினைவிட மலிவு.