பழைய டீசல் ஜீப்: வாசகர் கேள்வி – பதில்

ரப்பர் தோட்டத்து ஷெட்டுகளிலும் தென்னந்தோப்பு ஓரங்களிலும் கிடக்கும் பழைய ஃபோர் வீல் ஜீப்புகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பாதிக்கு மேல் என்ஜின் கேள்விகள்தான். வண்டியை வீழ்த்துவது பெரும்பாலும் சேஸும் (அடிச்சட்டம்) ஸ்டியரிங்கும் என்பதால் அவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

மாமாக்க தோட்டத்து ஷெட்டில் ஏழெட்டு வருஷமா ஓடாமல் கிடந்த மஹிந்திரா எம்எம் 540. பியூஜோ டீசல் என்ஜின். புது பேட்டரி வாங்கியாச்சு. நேரா செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமா?
– குலசேகரம் வாசகர்

அடிக்காதீர்கள். இத்தனை காலம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் இழுப்பில் ரிங் உடைந்தால் சிலிண்டரில் கோடு விழும். அதன்பின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் செலவு.

முதலில் ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே எலிக்கூடு, கரையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும், குளிர்ந்த என்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 முதல் 15 மி.லி. என்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் கையால் சுற்றுங்கள். நகரவில்லை என்றால் மீண்டும் ஆயில் விட்டு இன்னொரு நாள் பொறுங்கள். நீண்ட பைப் மாட்டி வலிந்து திருப்ப வேண்டாம். இரண்டு முழுச் சுற்று இலகுவாகச் சுற்றினால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

டேங்கில் உள்ள பழைய டீசலைத் துளிகூட மிச்சம் வைக்காதீர்கள். ஈரக்காற்றிலிருந்து சேரும் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுத்த சளி போல் சேரும். டேங்கை இறக்கி, உள்ளே ஒரு கைப்பிடி நட்டுகளும் ஒரு லிட்டர் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஓட்டை தெரிந்தால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலியான டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவியே வெடிக்கப் போதும். ஃபில்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது.

உங்கள் கடிதத்தில் ஷெட் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட் என்றால் இன்னொரு சோதனை உண்டு. பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டின் ஆவி இரும்பைத் தின்னும். பால் உறையாமல் வைக்க ஊற்றும் அமோனியா பித்தளையில் விரிசல் விட வைக்கும், செம்பை அரிக்கும். அப்படியானால் ரேடியேட்டர், பித்தளை யூனியன்கள், வயர் முனைகள், பிரேக் பைப் இவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள். பிரேக் பைப்பில் பச்சையோ செதில் துருவோ கண்டால் சுரண்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனி பெரும்பாலானோர் தவறவிடும் விஷயம். டீசல் பம்பின் உள்ளே எரிபொருள் அளவை ஆளும் பாகம் பழைய டீசல் பிசினில் முழு அளவில் சிக்கியிருந்தால், ஸ்டார்ட் ஆன மறுநொடியே என்ஜின் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும். ஸ்டாப் லிவரும் ஆக்ஸிலரேட்டர் லிவரும் போய் முழுமையாகத் திரும்பி வருகின்றனவா என்று முன்னாலேயே சோதியுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது இன்டேக் வாயை அடைக்கிற அளவில் ஒரு பலகையைக் கையில் வைத்து ஒருவர் நிற்கட்டும். என்ஜின் அப்படிக் கட்டுக்கு அடங்காமல் ஓடினால் காற்றை அடைத்து நிறுத்துவதே வழி. உள்ளங்கையை வைக்கக்கூடாது.

பழைய ஆயிலை வடித்து 15டபிள்யூ-40 தர என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டர் ஹவுசிங்கின் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அழுத்துங்கள். பிறகு இரண்டு நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். பீய்ச்சும் டீசலை விரலால் சோதிக்காதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போகும். அரை மணி நேரம் ஓடியபின் இந்த ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். உள்ளே இருந்த துருத்தூளும் பிசினும் அதோடு வெளியே வரும்.

இதே மாதிரி என்ஜின்தான். காலையில் ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை, ஐந்து நிமிடத்தில் நிற்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்கிறார்கள்.
– அருமனை வாசகர்

கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) தொடுமுன் குளோ பிளக்குகளைப் பாருங்கள். இந்த பியூஜோ என்ஜின் 2,112 சி.சி., ப்ரீ சேம்பர் வகை, அதாவது டீசல் முதலில் ஹெட்டில் உள்ள ஒரு சிறு அறையில் எரியும். அந்தச் சிறு அறையின் குளிர்ந்த சுவர் அழுத்திய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுவதால் பிளக் சூடேறாத சிலிண்டரில் டீசல் எரியாமல் வெள்ளையாக வெளியே வருகிறது. கண்ணை எரிக்கும் டீசல் வாடை இருந்தால் இதுதான். ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் அளந்தால் 1 ஓம் அளவில் காட்ட வேண்டும். திறந்த சர்க்கியூட் காட்டினால் அந்தப் பிளக் போயிற்று. எல்லாம் சரியென்றால் நாசில் திறக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். ப்ரீ சேம்பர் என்ஜின்களுக்குப் பொதுவாக 110 முதல் 140 பார் வரை. சொட்டு விடும் நாசிலும் இதே புகையைத் தரும்.

வெள்ளை ஆவி சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, மூடியைத் திறந்தால் குமிழி வந்தால் மட்டும் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகைக்கு ஆயில் காரணம், கருப்புக்குக் காற்றுக் குறைவோ டீசல் மிகுதியோ காரணம். கருப்புப் புகைக்கு ஏர் கிளீனரைத் திறந்து பார்க்காமல் பம்பைக் கழற்றும் மெக்கானிக்கிடம் இருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

வீடு கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். சிஜே 500 டி ஜீப்பின் பாடியை இறக்கியாச்சு. சேஸில் ஆங்காங்கே துரு. பட்டி வைத்து ரெட் ஆக்சைடு அடித்தால் போதும் என்கிறார் டிங்கர். சரியா?
– குளச்சல் வாசகர்

சேஸில் பட்டி வைப்பது ஓட்டையை மறைக்கிற வேலை. கையிலெடுக்க வேண்டியது சுத்தியல். ஸ்பிரிங் பட்டைகளின் ஹேங்கர்கள், பின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), பாக்ஸ் வடிவில் மூடிய பகுதிகள் எல்லாவற்றையும் அரைக்கிலோ சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மழுங்கிய ஒலி வரும் இடத்தில் ஒரு இரும்பு பஞ்ச் (கூர்முனை உளி) வைத்து அடித்துப் பாருங்கள், உள்ளே போனால் அந்தப் பகுதியை வெட்டியெடுக்க வேண்டும்.

பேட்ச் தகட்டுக்கு, சேஸின் தகடு அளவுக்கே (பல இடங்களில் 3 மி.மீ. அளவு) மைல்ட் ஸ்டீல் போதும். அதைவிடக் கனமாக வைத்தால், பேட்ச் முடியும் இடத்தில் விறைப்பு திடீரென்று மாறி அங்கேயே விரிசல் விடும். பேட்சின் இரு முனைகளையும் வைர வடிவில் சாய்த்து வெட்டுங்கள். சேனலின் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் ஓடக்கூடாது, மேல் கீழ் ஃபிளாஞ்ச் ஓரங்களிலும் வெல்ட் வேண்டாம். விரிசல் இருந்தால் அதன் நுனியில் 3, 4 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, வி வடிவில் அரைத்து வெல்டிங் வையுங்கள். வண்டியில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் இருந்தால் இரண்டின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் தவறவிடுவது உப்பு. துருவைச் சுரண்டிய இரும்பில் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒட்டியிருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது ஈரத்தை இழுத்து ஒரே வருடத்தில் கொப்புளம் வரும். எனவே சேண்ட் பிளாஸ்ட் அல்லது வயர் பிரஷ்ஷுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, அதே நாளில் எபாக்சி பிரைமர் அடியுங்கள். ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் துரு ஏறியிருக்கும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டால் ஈரத்தைத் தடுக்காது, அதன் மேல் நல்ல கோட்டிங் வேண்டும். எபாக்சி இரண்டு கோட், மேலே பாலியூரிதேன் இரண்டு கோட் என்பது எங்கள் பரிந்துரை. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேலுள்ள நாளில் பெயின்ட் வேலையே வேண்டாம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்றிருக்கும் நம் குமரி மாவட்டத்தில் தை முதல் மாசி வரையே உத்தமம்.

மூடிய பகுதிகளின் அடியில் 10 மி.மீ. வடிகால் துளைகள் இருக்கட்டும், உள்ளே கேவிட்டி வேக்ஸ் (துருத்தடுப்பு மெழுகு) அடியுங்கள். சர்வீஸ் கடைகளில் அடித்துக் கொடுக்கும் கறுப்புத் தார் கோட்டிங்கைத் துருவின் மேல் பூசுவது துருவுக்குப் போர்வை போர்த்துவது போல. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

45, 50 வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் முன்சக்கரம் இரண்டும் ஆட்டம் போடுகின்றன. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டியரிங் டேம்பர் போட்டால் நிற்குமா?
– தக்கலை வாசகர்

டேம்பர் (ஸ்டியரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) ஆட்டத்தை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும். மூடிய உருண்டை நக்கிள் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு) உள்ள அச்சு என்றால் முதல் சந்தேகம் அந்த மூட்டின் மேலும் கீழும் உள்ள கிங் பின் பேரிங்கின் மேல்தான். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது உதவியாளர் ஃபுட் பிரேக்கை மிதிக்கட்டும். பிரேக் மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால் கிங் பின், நின்றால் வீல் பேரிங். வில்லிஸ் (அமெரிக்காவின் அசல் ஜீப்) வழி ஜீப்புகளின் கையேட்டில் நக்கிள் ஆயில் சீலைக் கழற்றி, டை ராட் பொருந்தும் துளையில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் நக்கிள் 5.5 முதல் 7.3 கிலோ இழுப்பில் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் மூடியடியில் உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எடுக்கலாம், சேர்க்கலாம். மேல், கீழ் சமமாக.

அதன்பின் டை ராட் எண்டுகள், பெல் கிராங்க், பட்டை ஷேக்கிள் புஷ்கள். ஒரே சமயத்தில் ஆடும் நான்கு சிறு தளர்ச்சிகள் சேர்ந்து ஒரு பெரிய ஆட்டம் ஆகும். எல்லாம் இறுக்கிய பிறகே டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) பார்க்க வேண்டும்: 1.2 முதல் 2.4 மி.மீ. வரை. அகலமான பெரிய டயர் போட்டிருந்தால் அதையும் கழற்றி ஒருமுறை பழைய டயரில் ஓட்டிப் பாருங்கள்.

மலைத் தோட்டத்தில் சேற்றில் ஃபோர் வீல் போட்டோம். கீழே தார் ரோட்டுக்கு வந்த பிறகு லிவர் கழலவில்லை. கியர் பாக்ஸ் உடைந்துவிட்டதா?
– பேச்சிப்பாறை வாசகர்

உடையவில்லை. இந்த வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் இரண்டு அச்சும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும்போது, வழுக்காத தாரில் வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டுகளில் முறுக்காகச் சேர்கிறது. லிவர் நகர்த்தும் கியரை அந்த முறுக்கு பிடித்துக்கொள்கிறது. வண்டியைச் சில அடி பின்னால் எடுங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். வரவில்லையென்றால் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் படக்கென்று விடும். டயர் நான்கும் ஒரே அளவா என்றும் பாருங்கள். இரண்டு புதுசு, இரண்டு தேய்ந்ததென்றால் நேர்ரோட்டிலேயே முறுக்கு ஏறும்.

கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடுகிறது.
– ஆரல்வாய்மொழி வாசகர்

கியர் பாக்ஸுக்கும், சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள அவுட்புட் பேரிங் தேய்ந்து, சீல் வழியாக ஆயில் நகர்கிறது. பேரிங்கை விட்டு சீலை மட்டும் மாற்றினால் ஆறு மாதம்கூடத் தாங்காது. கியர் பாக்ஸில் ஜிஎல்-4 வகை 90 ஆயிலே ஊற்றுங்கள், பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு அது பாதுகாப்பு. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5.

பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு பொலேரோவின் டர்போ டீசல் போட ஆசை. மூன்று கியர் பெட்டி, 6.00-16 டயர். எவ்வளவு வேலை?
– நாகர்கோவில் வாசகர்

வேலை பாதி ஸ்பானரில், பாதி காகிதத்தில். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. எனவே ஸ்பானர் எடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். எங்கள் கருத்து: அதே வகை என்ஜினை முழுதாக ஓவர்ஹால் செய்வதே நல்லது.

அதையும் மீறி யோசிப்பவர்களுக்குக் கணக்கு. 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். அச்சு விகிதம் 5.38 என்றால் டாப் கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு என்ஜின் 2,445 சுற்று, 4.27 என்றால் 1,940 சுற்று. விகிதம் தெரிய டிஃபரன்ஷியல் பற்களை எண்ணுங்கள்: 43க்கு 8 என்றால் 5.38, 39க்கு 8 என்றால் 4.88, 47க்கு 11 என்றால் 4.27. மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன முறுக்கு நேர்ரோட்டிலேயே வரும்.

புது என்ஜினைப் பழைய கியர் பெட்டியோடு இணைக்க அடாப்டர் தட்டு போட்டவர்களுக்குக் கியர் தானாக வெளியே வருவது, இன்புட் பேரிங் சத்தம் போடுவது வழக்கம். காரணம், பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் உறை) நடுத்துளை கிராங்க்கின் மையத்துக்கு நேராக இல்லாதது. டயல் கேஜில் 0.13 மி.மீ.க்கு மேல் விலகல் காட்டினால் தட்டைத் திரும்ப லேத்துக்கு அனுப்புங்கள். ஷாஃப்டின் இரு முனை கிராஸ்களிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். பிரேக் பழைய டிரம்தான் என்றால் கூடுதல் சக்தியைப் பாலமோர் மலை இறக்கத்தில் எங்கே நிறுத்துவீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் ஜீப்புக்கு வின்டேஜ் நம்பர் கிடைக்குமா?
– கன்னியாகுமரி வாசகர்

2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் உள்ள, பெரிய மாற்றம் ஏதும் செய்யாத வண்டிக்கு வி.ஏ. எழுத்துள்ள நம்பர் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அது பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, ராலி, சர்வீஸ் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. தோட்டத்துக்குப் போய்வர வேண்டிய வண்டியென்றால் பழைய நம்பரிலேயே ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.