வீடியோ எடுக்கும்போது பேட்டரி ஏன் பாதியில் கைவிடுகிறது? சிறிய கேமராக்காரர்களுக்குக் கேள்வி பதில்

சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராக்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வி நாலு பேரிடமிருந்து வந்திருந்தால் ஒரு முறைதான் விளக்கம்.

கேள்வி: சோனி இசட்வி-1 வைத்திருக்கிறேன். ஒரு சார்ஜுக்கு 75 நிமிடம் வீடியோ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு 45 நிமிடம்கூடத் தாண்டவில்லை. பேட்டரி போலியா?

போலியாக இருக்கவேண்டியதில்லை. அந்த 75 நிமிடம், ஒரு முறை ரெக்கார்டு அழுத்திவிட்டுக் கேமராவைத் தொடாமல் விட்டால் கிடைக்கும் நேரம். அதே பட்டியலில் பக்கத்திலேயே 45 நிமிடம் என்று இன்னொரு எண் இருக்கும். நிறுத்துவது, மறுபடி தொடங்குவது, ஜூம் செய்வது, அணைத்து எழுப்புவது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நீங்கள் வாழ்வது 45-இல்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். உங்கள் கேமராவின் என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி 1240 எம்ஏஎச் (அது கொள்ளும் மின்சாரத்தின் அளவு), 3.6 வோல்ட். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 4.5 வாட்-அவர். 75 நிமிடம் என்பது 1.25 மணி. 4.5-ஐ 1.25-ஆல் வகுத்தால் 3.6 வாட். அதாவது சும்மா நின்று பதிவு செய்யவே அந்தக் கேமரா 3.6 வாட் குடிக்கிறது. 4கே, முழு வெளிச்சத்தில் திரை, இடைவிடாத ஆட்டோஃபோகஸ் எல்லாம் அதற்கு மேல்.

மிச்சம் பிடிக்க: வெயிலுக்காகத் திரை வெளிச்சத்தை "சன்னி வெதர்" என்று வைத்திருந்தால், நிழலுக்கு வந்ததும் இறக்குங்கள். ஏர்பிளேன் மோடு போடுங்கள். போன் திரையில் பார்க்கப் போகிற வீடியோவுக்கு 4கே வேண்டாம். ஷாட்டுக்கு ஷாட் அணைத்து அணைத்து எழுப்பாதீர்கள். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போவதற்கும் மோட்டார்தான் ஓடுகிறது. அடுத்த ஷாட் ஒரு நிமிடத்துக்குள் என்றால் அப்படியே விடலாம். முழுநாள் வேலைக்கு மூன்று பேட்டரி கையில் இருக்கட்டும்.

கேள்வி: கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2. பேட்டரி பாதி இருப்பதாகக் காட்டுகிறது. ஜூம் இழுத்தவுடன் அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் இரண்டு நிமிடம் ஓடுகிறது. போர்டு போய்விட்டதா?

போர்டைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியைச் சந்தேகியுங்கள். லித்தியம் பேட்டரி வயதாக ஆக அதன் உள் தடை, அதாவது கரண்ட் வெளியே வருவதற்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, கூடும். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் நன்றாகத்தான் காட்டும். ஜூம் மோட்டார் ஒரு நொடி கூடுதல் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். கேமராவின் வெட்டு எல்லைக்குக் கீழே போனால் அணைந்துவிடும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறிவிடும். அதனால்தான் மறுபடி போட்டால் ஓடுகிறது.

முதலில் பேட்டரியின் உலோகத் தகடுகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கை எண்ணெய் படிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். பிறகு முழு சார்ஜ் ஏற்றி, ரெக்கார்டு ஓடும்போது கோடியிலிருந்து கோடிக்குப் பத்து முறை ஜூம் செய்யுங்கள். முழு சார்ஜிலேயே விழுந்தால் பேட்டரியை மாற்றுங்கள். இந்தக் கேமராவுக்கான புது என்பி-13எல் பேட்டரி போட்டும் விழுந்தால் அப்போது சர்வீஸ் பற்றிப் பேசலாம்.

சிவப்புக் குறி மின்னத் தொடங்கினால் நீங்களே நிறுத்துங்கள். கேமரா தானாக அணைந்தால் வீடியோ கோப்பு மூடப்படாமல் போகலாம்.

கேள்வி: புது பேட்டரிக்கு முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போடவேண்டுமா? முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டுமா?

இரண்டும் வேண்டாம். அது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். பல நாள் எடுக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

கேள்வி: பழைய கேனான் எஸ்எக்ஸ்160 ஐஎஸ் வாங்கினேன். இரண்டு ஏஏ செல். கடையில் புது ஆல்கலைன் வாங்கிப் போட்டும் வீடியோ கொஞ்ச நேரத்தில் "பேட்டரியை மாற்று" என்கிறது.

ஆல்கலைன் இதற்கு ஆகாது. 2000 எம்ஏஎச் அளவில் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு ரீசார்ஜ் செல், எனிலூப் பிராண்ட் போல சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகை, நான்கு வாங்குங்கள்.

அதே நபர்: ரீசார்ஜ் செல்லில் 1.2 வோல்ட்தான் போட்டிருக்கிறது. ஆல்கலைன் 1.5. குறைந்த வோல்ட் செல் எப்படி அதிக நேரம் ஓடும்?

இன்னொருவர்: அவர் சொல்வது சரி. ஆல்கலைனில் 2500 எம்ஏஎச் வரை கிடைக்கிறது. நீங்கள் 2000-ஐப் பரிந்துரைக்கிறீர்கள்.

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். அட்டையில் இருக்கும் 1.5 புது செல்லின் வோல்டேஜ், அதுவும் சுமை இல்லாமல். ஆல்கலைன் வோல்டேஜ் முதல் நிமிடத்திலிருந்தே சரிவுப் பாதையில் இறங்கிக்கொண்டே போகும். நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு 1.2-ஐ ஒட்டிச் சமதரையில் நடந்து, கடைசியில்தான் விழும்.

உள் தடையில் வித்தியாசம் இன்னும் பெரிது. புது ஆல்கலைன் ஏஏ செல்லுக்கு 150 முதல் 300 மில்லி ஓம். நல்ல ரீசார்ஜ் செல்லுக்கு அதில் சிறு பங்குதான். கேமரா 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 200 மில்லி ஓம் செல் 0.2 வோல்ட்டை உள்ளேயே வெப்பமாகத் தின்றுவிடும். கேமராவுக்குத் தேவை குறிப்பிட்ட வாட். வோல்டேஜ் குறைந்தால் அது கூடுதல் கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் இன்னும் குறையும். அந்த 2500 எம்ஏஎச், மிகக் குறைந்த கரண்டில் மெதுவாக இறக்கி அளந்த எண். டிவி ரிமோட்டுக்கு அது உண்மை. 1 ஆம்பியரில் அதில் பாதிகூட வராது.

அதே நபர்: நீங்கள் சொல்வது புத்தகக் கணக்கு. கேமரா தூக்கிப்போட்ட செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 1.38 காட்டுகிறது. ரீசார்ஜ் செல் முழு சார்ஜிலேயே 1.33தான்!

சுமை இல்லாமல் அளந்திருக்கிறீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 2.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே அதைப் பிடித்தபடி பத்து நொடி கழித்து மீட்டரைப் பாருங்கள். இரண்டு செல்லுக்கும் செய்துவிட்டு எண்களைச் சொல்லுங்கள்.

மூன்றாமவர்: யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லித்தியம் ஏஏ செல் கடைசிவரை 1.5 தருகிறதே, அதைப் போட்டால் சண்டையே இல்லையே?

கடைசிவரை 1.5, அடுத்த நொடி பூஜ்யம். உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்தான் 3.7-ஐ 1.5 ஆக்குகிறது. தீரும்போது முன்னெச்சரிக்கை வராது. லென்ஸ் நீட்டியபடியே நிற்கும், கோப்பு மூடப்படாது. போட்டோவுக்குச் சமாளிக்கலாம், வீடியோவுக்கு வேண்டாம். அதே அளவில் 14500 என்று ஒரு செல் விற்கிறார்கள். அதில் 1.5 ஆக்கும் சர்க்யூட் கிடையாது, நேராக 3.7 வோல்ட். இரண்டு போட்டால் 7.4. கேமரா கருகிவிடும். தயவுசெய்து யாரும் போடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் என்பி-பிஎக்ஸ்1 அளவிலேயே 2000 எம்ஏஎச் பேட்டரி கிடைக்கிறது. வாங்கலாமா?

அதே பெட்டிக்குள் ஒரிஜினலுக்கு 1240தான். எண்ணை நம்பாதீர்கள். ஒரிஜினலையும் அதையும் சமையலறைத் தராசில் வையுங்கள். இலேசாக இருந்தால் உள்ளே சரக்கு குறைவு.

கேள்வி: பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்தது. வீடியோ திறக்கவில்லை.

அந்தக் கார்டில் இனி எதுவும் பதியாதீர்கள். முழு சார்ஜ் பேட்டரி போட்டு, கார்டை அதே கேமராவில் வைத்து எழுப்புங்கள். பல கேமராக்கள் தாமே சரிசெய்யக் கேட்கும், சம்மதியுங்கள். கேட்கவில்லையா, கார்டைக் கணினிக்கு முழுசாக நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எம்பி4 கோப்பில் படம் இருக்கும், எந்த ஃபிரேம் எங்கே என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அது இல்லாததால்தான் திறக்கவில்லை. அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொண்டு அட்டவணையை மறுபடி கட்டப் பார்க்கும். சிவப்புக் குறி மின்னினால் நிறுத்துங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: சித்திரை வெயிலில் வீடியோ பாதியில் நிற்கிறது. பேட்டரி நிறைய இருக்கிறது.

சூடு. பேட்டரி அல்ல. சோனியில் "ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்" என்பதை "ஹை" ஆக்கலாம். ஆனால் அப்போது கையில் பிடிக்காமல் டிரைபாடில் வையுங்கள், கேமரா உடம்பு அவ்வளவு சுடும். திரையைக் கேமரா உடம்பிலிருந்து விலக்கித் திறந்து விடுங்கள். குடை பிடியுங்கள்.

கேள்வி: சரியாக 29 நிமிடத்தில் நிற்கிறது. பேட்டரியா?

இல்லை. பழைய கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடி என்று வரம்பு வைத்திருந்தார்கள். மறுபடி அழுத்துங்கள்.

கேள்வி: பவர் பேங்க் மாட்டிக்கொண்டே எடுக்கலாமா?

இசட்வி-1-இல் முடியும். "யுஎஸ்பி பவர் சப்ளை" ஆன், பேட்டரியும் உள்ளே இருக்கவேண்டும். கேபிளை டிரைபாட் காலில் டேப் போட்டு ஒட்டுங்கள். மைக்ரோ யுஎஸ்பி வாய் இழுப்பு தாங்காது. மற்ற மாடல்களுக்கு மேனுவலைப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது, அழுத்தினால் உள்ளே போகிறது. இன்னும் ஒரு நாள் ஓட்டலாமா?

கூடாது. ஒரு நிமிடம்கூட. சார்ஜும் போடாதீர்கள், குத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கேமராவுக்குள் சிக்கியிருந்தால் நெம்பாதீர்கள்.

கேள்வி: பாதி சார்ஜ் காட்டும்போதே அணைகிறது, ஏன்?

மேலே இரண்டாம் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் கிரிப்புக்கு எந்த பேட்டரி?

இங்கே இல்லை.

எஸ்எக்ஸ்160 நபர்: ரெசிஸ்டர் வாங்கி அளந்தேன். கேமரா தூக்கிப்போட்ட ஆல்கலைன் 1.38-லிருந்து 1.09-க்கு விழுந்தது. ரீசார்ஜ் செல் 1.33-லிருந்து 1.29. நான்கு செல் வாங்குகிறேன்.

0.29 வோல்ட் ஆல்கலைனுக்குள்ளேயே போய்விட்டது, பார்த்தீர்களா. நான்கையும் இரண்டு ஜோடியாகப் பிரித்து மார்க்கரில் அ, ஆ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜோடி மாறக்கூடாது, பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்றது அதை எதிர்த்திசையில் தள்ளிக் கெடுத்துவிடும். சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து நிறுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்தச் செல்களில் வோல்டேஜ் கடைசிவரை சமமாக இருப்பதால் குறைந்த பேட்டரிக் குறி தாமதமாகத்தான் வரும். வந்தவுடன் ரெக்கார்டை நிறுத்திவிட்டு ஜோடியை மாற்றுங்கள்.