மகள் அமெரிக்க வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறாள்: நியூஜெர்சி அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் சார். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை "ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப் போறா" என்ற கேள்விதான் கண்ணில் பட்டது, அது எனக்குப் பல வீடுகளிலிருந்து வருகிற கேள்வி. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த வரியைக் கவனித்தேன். மகள் மூன்று வயதில் திருச்சியிலிருந்து வந்தவள், பதினேழு ஆகியும் இன்னும் எச்-4 விசா, அதாவது வேலை விசாவில் வந்த உங்களைச் சார்ந்து கிடைத்த விசா, தம்பி மட்டும் இங்கே எடிசனில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். உங்கள் பயம், அவள் ஆசை, இரண்டும் அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகின்றன என்று எனக்குப் படுகிறது. அதனால் வேலை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் அலமாரியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் நீல அட்டை. ஒன்றில் கழுகு, இன்னொன்றில் சிங்கத் தலைகள். காலையில் பள்ளியில் இரண்டு பேரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கொடியைப் பார்த்து அதே உறுதிமொழியைத்தான் சொல்கிறார்கள், அதுவும் தம்பியைவிட அதிக வருஷம் சொன்னவள் அவள்தான். ஆனால் 21 வயது முடிந்தால் எச்-4 போய்விடும், வேறு விசா இல்லையென்றால் கிளம்ப வேண்டியவளும் அவள்தான். இது எப்படி நடந்தது என்று ஒரு பெண் கேட்க ஆரம்பித்தால் பதில் வரலாற்றுப் புத்தகத்தில்தான் கிடைக்கும். இங்கே பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமக்கள் என்று தம்பிக்குக் குடியுரிமை கொடுத்த அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் உள்நாட்டுப் போர் முடிந்து 1868ல் வந்தது. விடுதலையான கறுப்பின மக்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதியது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரரை, சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது உள்ளே விடமாட்டோம் என்று கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். அவர் வழக்குப் போட்டு 1898ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். பிறப்புக் குடியுரிமை 2025ல் மறுபடி வழக்காக வந்தபோது இரண்டு தரப்பும் எடுத்துப் புரட்டியது அந்தப் பழைய தீர்ப்பைத்தான். வரலாற்று ஆய்வாளர்களும் தங்கள் கருத்தை எழுத்தில் நீதிமன்றத்தில் கொடுத்தார்கள்.

"நாம வந்து பதினாலு வருஷம்தானே, இவங்க ஹிஸ்டரி நமக்கு எதுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். சார், இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1790ல் போட்ட முதல் குடியுரிமைச் சட்டமே சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றுதான் சொன்னது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபிக்காரர் பகத் சிங் திண்ட் குடியுரிமை கேட்டபோது, சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் நீ வெள்ளையன் இல்லை என்று 1923ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதோடு நிற்கவில்லை, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அதில் ஒருவர். மனைவி, மூன்று மகன்களோடு 1915ல் வந்து இறங்கியவர், 1921ல் குடிமகன் ஆனவர். குடியுரிமை போன பிறகு எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று. 1928ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி கலா பகாய் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார், இன்று பெர்க்லியில் ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது 1946ல்தான், அப்போதும் வருஷத்துக்கு 100 பேருக்கு மட்டுமே குடியேற இடம். 1965 சட்டம் வந்த பிறகுதான் நம் ஊர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் பெருமளவில் வர முடிந்தது. உங்களை உள்ளே விட்ட எச்-1பி என்கிற வேலை விசாவும், எந்த நாடானாலும் 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்று உங்களை வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் விதியும் ஒரே 1990 சட்டத்தில் வந்தவை. கிரீன் கார்டு வரிசை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்று அரசு வெளியிடும் விசா புல்லட்டினை நீங்கள் மாதாமாதம் திறந்து தேதி நகர்ந்ததா என்று பார்க்கிறீர்களே, அதுவும் இந்த வரலாறுதான். அதை உங்கள் மகள் முழுதாகப் படிக்கட்டும்.

சரி, வேலை. நேராகவே சொல்கிறேன், குடிமகள் இல்லாத ஒரு வரலாற்று மாணவிக்குச் சில கதவுகள் மூடியிருக்கும். தேசிய ஆவணக் காப்பகம், தேசியப் பூங்காத் துறை மாதிரி மத்திய அரசு வேலைகள் பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். கல்லூரிக்கு மத்திய அரசின் நிதி உதவியும் எச்-4 மாணவிக்குக் கிடைக்காது. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எச்-4ல் இருக்கும்வரை அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு மாறினால் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்கிற வேலைப் பயிற்சி அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம், ஆனால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டத்துக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம் வெறும் வரலாற்றுப் பட்டத்துக்குக் கிடைக்காது.

அதனால் நான் சொல்வது டபுள் மேஜர், ஒரே பட்டப்படிப்பில் இரண்டு முதன்மைப் பாடம். வரலாற்றோடு புள்ளியியலோ டேட்டா சயின்ஸோ எகனாமெட்ரிக்ஸ் என்கிற அளவைப் பொருளாதாரமோ சேர்த்துப் படிக்கட்டும். இதை வரலாற்றுக்குக் காவல் போடுகிற மாதிரி அவளிடம் சொல்லாதீர்கள், பழைய மக்கள்தொகைக் கணக்கு, கப்பல் பயணிகள் பட்டியல், நில ஆவணம் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கின்றன, அதை அலசத் தெரிந்த வரலாற்று மாணவிக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. எந்த மேஜர் ஸ்டெம் கணக்கில் வரும் என்பதை படிப்பின் வகையைக் குறிக்கும் சிஐபி எண் தீர்மானிக்கும், ஒரே பெயருள்ள படிப்புக்கு இரண்டு கல்லூரியில் இரண்டு எண் இருக்கலாம், சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழகங்கள், அவற்றின் நூலகங்கள், காப்பகங்கள் ஆள் எடுக்கப் போடும் எச்-1பி மனு, மற்ற கம்பெனிகளின் மனுக்களுக்கு நடக்கும் லாட்டரிக்குள் வராது. ஐடி கம்பெனிக்காரர் மகனுக்கு இல்லாத வசதி இது. வக்கீல் படிப்புக்கு இங்கே முதலில் ஒரு பட்டம் வேண்டும், எந்த மேஜரானாலும் சரி, அப்புறம் மூன்று வருஷம். வரலாறு படித்தவர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள். பழைய கடிதத்தையும் வாக்குமூலத்தையும் வைத்துக்கொண்டு யார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கிற பழக்கம் அங்கே நேராகக் கைகொடுக்கும். 1966ல் வந்த தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசுப் பணத்தில் ரோடோ பாலமோ போடுவதற்கு முன் அந்த இடத்தின் பழைய கட்டடங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் பாதிப்பு வருமா என்று பார்த்தாக வேண்டும், அதற்கென்றே தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. மியூசியம் வேலை அழகானது, சம்பளம் குறைவு. பிஎச்டி போவதானால் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகிற இடத்துக்கு மட்டும் போகட்டும், கடன் வாங்கிப் போகவே கூடாது. பேராசிரியர் வேலைகள் குறைந்துவிட்டன, நன்றாகப் படித்தவர்களே வருஷக்கணக்கில் தற்காலிக வகுப்பு எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2002ல் வந்த குழந்தை வயதுப் பாதுகாப்புச் சட்டத்தில், கிரீன் கார்டுக்காக உங்கள் கம்பெனி போடும் ஐ-140 மனு பரிசீலனையில் இருந்த நாட்களைச் சில சூழ்நிலைகளில் அவள் வயதிலிருந்து கழிக்கலாம். சில பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும், இந்தியர்களின் நீண்ட வரிசையில் பலருக்குப் போதாது. விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. அதனால் மனு போட்ட தேதி, ஒப்புதல் வந்த தேதி, அவள் பிறந்த தேதி மூன்றையும் எடுத்துக்கொண்டு குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், எஃப்-1க்கு எப்போது மாறுவது என்பதையும் அவரே சொல்வார். போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். அந்தத் தேதிகளை அவளிடம் இதுவரை நீங்கள் சொன்னதில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.