பழைய பாக்கிக்காக லாரியைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: சங்ககிரியில் சொந்தமாக ஒரே ஒரு பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன், கூட ஒரு கிளீனர். கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று வழக்கமான பட்டறையில் விட்டேன். 32,000 ரூபாய் ஆகும் என்றார் மிஸ்திரி. இறக்கிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸிலும் வேலை இருக்கு" என்று போன் செய்தார். "பார்த்துச் செய்யுங்கண்ணே" என்றேன். இப்போது பில் 87,000. அதோடு பழைய பாக்கி 41,000-ஐயும் கட்டினால்தான் வண்டி என்கிறார். 11 நாளாக நிற்கிறது. நாளுக்கு 500 ரூபாய் இட வாடகை வேறு கேட்கிறார். ஃபைனான்ஸ் தவணை நெருங்குகிறது. ஆறு வருடப் பழக்கம், கேஸ் என்று போகவும் மனசில்லை. ஸ்பேர் சாவி என்னிடம் இருக்கிறது. ராத்திரியில் போய் எடுத்து வந்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது, சொந்த வண்டியை எடுத்தால் எப்படித் திருட்டாகும் என்று தோன்றும். ஆகும். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த ஓர் உதாரணத்தைச் சொல்கிறது: பழுது பார்த்த கூலி பாக்கிக்காகக் கடைக்காரர் கைக்கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார். அந்தப் பிடியை இல்லாமல் செய்யும் நோக்கத்தோடு சொந்தக்காரரே அதை எடுத்துப் போனால், அது திருட்டு. கடிகாரத்துக்குப் பதில் லாரி என்று வைத்துப் படியுங்கள். அந்த ஸ்பேர் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.

சரி, அவர் எந்தப் பணத்துக்காக வண்டியைப் பிடிக்கலாம்? மிஸ்திரி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்கிறார். நீங்களும் அதை ஒரே தொகையாகப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். பிரித்துப் பாருங்கள்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, தன் உழைப்பையும் திறமையையும் செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த வேலைக்கு மட்டும்தான். பழைய கணக்கு முழுவதற்கும் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை 171-ஆம் பிரிவில் வருகிறது. வங்கி போன்ற சிலருக்கே அது உண்டு. அந்தப் பட்டியலில் பட்டறை இல்லை. தனியாக எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்படி எதுவும் எழுதவில்லை என்றால், போன வருடத்து 41,000-க்காக இந்த வருடத்து வண்டியை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இல்லை.

இட வாடகையும் அப்படித்தான். தன் பணத்துக்குப் பிணையாக, தன் வசதிக்காக அவர் நிறுத்தி வைத்திருக்கிறார். முன்கூட்டியே பேசிக்கொள்ளாத வாடகையை அதற்காக உங்கள் தலையில் கட்ட முடியாது.

மீதி இருப்பது அந்தக் கூடுதல் 55,000. உண்மையில் சிக்கல் இங்கேதான். "பார்த்துச் செய்யுங்கண்ணே" என்பதை நீதிபதி சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தொகை சொல்லாததால் முழுச் சம்மதம் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். சம்மதமே இல்லை என்று வைத்தாலும், ஒருவர் இலவசமாகச் செய்ய நினைக்காத வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால் நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. அதனால் 'ஒரு பைசா தரமாட்டேன்' என்று நிற்காதீர்கள். என்ன மாற்றினார், எவ்வளவுக்கு என்று கேளுங்கள். ஸ்பேர் வாங்கிய கடை பில்லும், கழற்றிய பழைய பேரிங், கோன், பிரஷர் பிளேட்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். பல் தேய்ந்த கோனைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பழைய சாமான் ஒன்றுமே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேசியும் படியவில்லையா? என் யோசனை: இந்த வேலைக்கான 87,000-ஐ மட்டும் வங்கி வழியாகக் கட்டுங்கள். அன்றே வாட்ஸ்அப்பில், "32,000-க்கு மேல் உள்ளதை ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதுங்கள். 'கணக்கு முடிந்தது' என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் அதிகம்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் நிற்கிற லாரிக்கு லோடு இல்லை, தவணை மட்டும் ஓடுகிறது. கட்டிய பிறகும் வண்டியைத் தராவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவர் பிடித்து வைப்பது சட்டவிரோதம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, வண்டியையும் நின்ற நாட்களின் நஷ்டத்தையும் சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கூடுதல் பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. லாரி வியாபாரம்தானே, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் பாதகமில்லை என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கிளீனரால் பிரச்சினை வராது. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிழைப்புக்காகத் தானே உழைப்பவருக்கான இந்த விலக்கைச் சொல்லும்போது வாங்கிய பொருட்களை மட்டுமே குறிப்பிடுகிறது; பட்டறை வேலையோ சேவை. சேவை என்ற சொல் பழைய சட்டத்தில் இருந்தது, இதில் இல்லை. அதைப் பிடித்து வாதாடுவார்கள் என்று தெரிந்தே போங்கள். தொகையை வாயால் சொல்லிவிட்டு எழுத்தில் பில் தராவிட்டால், அது அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை, உங்களுக்குச் சாதகம். காலக்கெடு 2 வருடம். சேலம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சில விவகாரம் அங்கேயே படிந்துவிடும்.

அப்புறம், அந்த 41,000. அதற்காக வண்டியைப் பிடிக்க முடியாது என்றேனே தவிர, கடன் இல்லை என்று சொல்லவில்லை. பாக்கி பாக்கிதான். தொப்பூர் கணவாயில் நடுராத்திரி வண்டி நின்றால் ஜாக்கியோடு வரப்போகிறவரும் இதே மிஸ்திரிதான். பேசப் போகும்போது அந்தப் பாக்கியில் ஒரு பத்தாயிரமாவது கையில் கொண்டு போங்கள். ஆனால் தனி ரசீதில், 'பழைய கணக்கில் வரவு' என்று எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போதே, "சொன்ன தொகைக்கு மேல் 5,000 போனால் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கண்ணே, பழைய சாமானை எடுத்து வையுங்க" என்று அவர் போனுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். நல்ல மிஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார்.